திரும்பி வரும்போது வாசிப்பது

மரியாதைக்குரிய மக்டலின் அக்கா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிலோமினா அக்கா அவர்களே, கண்டக்குழிப் பெருமக்களே, பங்குத்தந்தை அவர்களே, மேடையிலே வீற்றிருக்கும் அஞ்சலிக் குழுத் தலைவர் றொபி அவர்களே, குழுவின் ஏனைய கனவான்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். மேடையை முதலில் விளிப்பதுதான் முறை என்பது எனக்குத் தெரியும். கிளைட்டன் அண்ணனின் முப்பத்தோராம் நாள் அஞ்சலிக்கு வந்திருக்கும் இன்று அந்த முறைக்கு என் வாய் வரவில்லை.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். "எமது மண்ணின் வீர மைந்தன் சார்ஜன்ட் கிளைட்டன்" என்று எழுதியிருக்கிறது. முகம் அவருடையதுதான். உடம்பு யாருடையது? கையில் இருக்கும் துவக்கு யாருடையது? சார்ஜன்ட் கிளைட்டன் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தின் பாண்ட் அணியில் ட்ரம்பெட் ஊதியவர். அதே அணியில் பெரிய ட்ரம் அடித்த மஹ்ரூப் நான். அவருடைய பெண்சாதி மக்டலின் அக்கா கொடுத்த படத்தில் அவர் ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். அதை வெட்டி எறிந்துவிட்டுத் துவக்கைக் கொடுத்தது ஏன் என்று குழுவில் கேட்டேன். "துவக்கு இருந்தாத்தான், நானா, எடுப்பா இருக்கும்" என்றார்கள். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதைவிட மரியாதையான சொல் கிடைத்தால் பிறகு சொல்கிறேன்.

ட்ரம்பெட் ஊதியவன் நாட்டுக்கு என்ன செய்துவிட்டான் என்று கேட்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் காலையில் அநுராதபுரத்தில் ஒரு செத்த வீடு, பின்னேரம் சிலாபத்தில் ஒரு செத்த வீடு என்று எங்கள் பஸ் ஓடியது. யுத்தம் சரியா பிழையா என்று இங்கே ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையான எனக்கும் இருக்கிறது. ஆனால் பெட்டியில் வந்த பையனுக்கு முன்னால் நின்று நாங்கள் கருத்துச் சொன்னதில்லை, வாசித்தோம். கிளைட்டன் அண்ணனின் உதடு வெடித்து ரத்தம் கசியும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊதுவார். வீட்டுக்காரர் தேத்தண்ணி தரப் பார்த்தால் வேண்டாம் என்பார். "அழுகிற வீட்டுல நமக்காக அடுப்பு மூட்ட வைக்கக் கூடாது தம்பி" என்பார். அந்த மனிதருக்குத் துவக்கு எதற்கு?

எங்கள் படையில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போகும்போது பாண்ட் மிக மெதுவாக வாசித்துக்கொண்டு நடக்கும். ட்ரம்மைக் கறுப்புத் துணியால் மூடியிருப்போம். அடக்கம் முடிந்ததும் ட்ரம்பெட்காரர் தனியாக நின்று இறுதி விடையாக லாஸ்ட் போஸ்ட் ஊதுவார். பிறகு துணியைக் கழற்றிவிட்டு, சேமக்காலை வாசலைத் தாண்டியதும் வேகமான நடைக்கு, குவிக் மார்ச்சுக்கு மாறுவோம். போகும்போது வாசிப்பது இறந்தவனுக்கு. திரும்பி வரும்போது வாசிப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு. என் மார்க்கத்தில் மையத்து அடக்கத்துக்கு மேளம் கிடையாது. ஆனாலும் இந்த வழக்கத்தின் நியாயம் எனக்கு முதல் நாளே விளங்கியது. இந்த ஊருக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை?

இரண்டாயிரத்து எட்டில் பிலோமினா அக்காவின் மகன் றொகான் மூடிய பெட்டியில் வந்தான். இதே கண்டக்குழியில் அவனை அடக்கம் செய்ய எங்கள் அணி வந்தது. தன் ஊர்ப் பிள்ளைக்குக் கிளைட்டன் அண்ணன் லாஸ்ட் போஸ்ட் ஊதினார். அன்று அவர் ஊதியதைப் போல் நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. வழக்கப்படி வாசலில் குவிக் மார்ச் தொடங்கியது. கூட்டத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து ட்ரம்பெட்டைத் தட்டிவிட்டார். இன்னொருவர் அவருடைய சீருடையில் காறித் துப்பினார். "பிள்ளையின்ட செத்த வீட்டுல பைலா ஊதுறான்" என்று, கொண்டாட்டத்தில் குடித்து ஆடும் பாட்டை வாசித்துவிட்டதுபோல் கத்தினார்கள். அன்று முதல் அவருக்குப் பெயர் பைலா சார்ஜன்ட்.

பதினேழு வருடம், பெருமக்களே! மீன் வாடியில் பைலா சார்ஜன்ட். கடையில் பைலா சார்ஜன்ட். கோயில் வாசலிலும் பைலா சார்ஜன்ட். திருநாளுக்கு முந்தல் ஊரிலிருந்து கூலிக்கு பாண்ட் பிடித்தீர்கள். அவர்கள் சுருதி பிசகி வாசித்துக்கொண்டு போனபோது, இருபத்திரண்டு வருடம் வாசித்த மனிதர் தன் வேலிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை நான் பொறுக்க முடியாமல், "எல்லாரையும் கூப்பிட்டு விளக்கிச் சொல்லுங்களேன் அண்ணன்" என்றேன். "அவங்களுக்கு விளக்கம் வேணாம் தம்பி. பேர் வச்சுச் சிரிக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

ஒரே ஒருவர்தான் அவரிடம் போய்க் கேட்டார். கேட்க உரிமை இருந்த ஒரே ஒருவர், பிலோமினா அக்கா. றொகானின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் கிளைட்டன் அண்ணனின் வீட்டுக்குப் போனார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"தம்பி, என்ட புள்ளைய மண்ணுக்குள்ள வச்சு கை கழுவக்கூட இல்ல. ஏன் அப்பிடி வாசிச்சீங்க?"

"அக்கா, மெதுவா வாசிச்சது றொகானுக்கு. வேகமா வாசிச்சது உங்களுக்கு. நீங்க அந்தக் குழிக்கரையிலயே இருந்துடுவீங்க எண்டு பயம். உங்கட கால் தானா வீட்டுப் பக்கம் நடக்கணும்."

பிலோமினா அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, "ஓம் தம்பி, நடந்துதான் வந்திருக்கிறன். எப்பிடி வந்தன் எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சன்" என்றார். அதை அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பெற்ற தாய் சொன்னாள். நீங்கள் கேட்டீர்களா? ருசி கண்ட பெயரை விட்டுவிட உங்களுக்கு மனம் வரவில்லை.

இனி, போன மாதம் நடந்ததற்கு வருகிறேன். கிளைட்டன் அண்ணன் மௌத்தான செய்தி கிடைத்ததும் ஓய்வுபெற்ற நாங்கள் வான் ஒன்றைப் பிடித்து வாத்தியங்களோடு வந்து சேர்ந்தோம். நேற்றுவரை பைலா சார்ஜன்ட் என்றவர்கள் ஒரே இரவில் அஞ்சலிக் குழுவாக மாறியிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவார் என்று பெட்டியை வெயிலில் காக்க வைத்தார்கள். அவர் வந்தார், படம் பிடித்தார்கள், போய்விட்டார். நாங்கள் மெதுவாக வாசித்துக்கொண்டு அண்ணனைக் கொண்டுபோனோம். எங்கள் அணியின் முனாஸ் லாஸ்ட் போஸ்ட் ஊதினார். துணியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நான் முதல் அடியை அடித்தேன். தலைவர் றொபி அவர்கள் ஓடிவந்து என் கைக்குச்சியைப் பிடித்தார்கள். "நானா, இது செத்த வீடு. பைலாவ நிப்பாட்டுங்க. கேமரா ஓடுது" என்றார்கள்.

மக்டலின் அக்காவின் முன்னால் கைகலப்பு வேண்டாம் என்று குச்சியை இறக்கினேன். எல்லோரும் சத்தமில்லாமல் கலைந்து போனோம். அன்று பின்னேரம் றொபி அவர்களின் விடுதியிலிருந்து பாட்டுச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அது உண்மையான பைலா. அதை நிறுத்தச் சொல்லி யாரும் ஓடவில்லை. தலைவர் அவர்களே, தலையைக் குனிய வேண்டாம், குனிந்தாலும் எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரப்போவதில்லை.

இதோடு போயிருந்தால்கூட நான் இன்று இப்படிப் பேசியிருக்க மாட்டேன். போன கிழமை மக்டலின் அக்காவைப் பார்க்க வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சேமக்காலையில் இருப்பார் என்று அயலவர்கள் சொன்னார்கள். விடிந்தால் போகிறார், இருட்டினால் யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். சோறு அங்கேதான், செபமாலை அங்கேதான். "அக்கா, வீட்டுக்குப் போகலாமே" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"அவரக் கொண்டுபோய் விட்டீங்க தம்பி. என்னத் திருப்பிக் கொண்டுவந்து விடல்லியே."

கேட்டீர்களா? ஒரு சார்ஜன்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் பாதியைத் தடுத்துவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய பாதி அவருக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் பறித்தது இந்த அம்மாவின் பாதியை. ஊரார் எல்லோருடைய பெண்சாதிக்கும் தாய்க்கும் வழி காட்ட ஊதியவரின் பெண்சாதி, முப்பத்தொரு நாளாக வழி தெரியாமல் குழிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார். கிளைட்டன் அண்ணனின் பெயரை ஒரு தெரு ஒழுங்கைக்கு வைக்கப்போவதாகத் தலைவர் சற்று முன் அறிவித்தார். பெயரை வையுங்கள், வைக்காமல் விடுங்கள். அந்தப் பதாகையை மட்டும் நான் போவதற்குள் இறக்கிவிடுங்கள்.

எங்கள் அணி சார்பில் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடற்கரையில் படையில் இருந்த எந்த மனிதரின் அடக்கத்துக்கு அழைத்தாலும், கைகால் ஓடும்வரை வருவோம். போகும் வழிக்கும் வாசிப்போம், திரும்பும் வழிக்கும் வாசிப்போம். படம் பிடிக்கப் பாதி போதும் என்பவர்கள் எங்களைக் கூப்பிட வேண்டாம். கிளைட்டன் அண்ணன் செய்த சேவை அதுதான். அவர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் செய்வோம்.

முனாஸும் மற்றவர்களும் இப்போது சேமக்காலை வாசலில் வாத்தியங்களோடு நிற்கிறார்கள். அன்று எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ அந்த இடத்திலிருந்து தொடங்கப்போகிறோம். சத்தம் பிடிக்காதவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவர்கள் வர விரும்பினால் எல்லோருக்கும் பின்னால் வாருங்கள். தெருவை மறித்து நிற்கும் உங்கள் வாகனங்களை முதலில் எடுங்கள், பாண்ட் போக வழி வேண்டும். பிலோமினா அக்கா, நீங்கள் இவருடைய கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த வழியை நடந்து பார்த்தவர் நீங்கள்தான்.

மக்டலின் அக்கா, எழும்புங்க. வீட்டுக்குப் போவம்.