பின் இருக்கை உள்ள வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். தாழ்வான வண்டி, ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஓரத்தில் உரசிக்கொண்டுதான் ஆகவேண்டும். மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் கிடைப்பான். தேய்ந்த தோலைத் திருப்பி வைக்க முடியாது. புதுத் தோல் போட்டிருந்தால், எதற்குப் போட்டார்கள் என்று கேட்கலாம்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே பார்த்து, நல்லது கெட்டது எழுதிக் கொடுப்பேன். புதிதாக வருகிறவர்கள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். நான்தான் என்பேன். அதை அவர்கள் மென்று விழுங்குவதற்குள் வண்டிக்கு அடியில் பாதி தூரம் போயிருப்பேன்.

நான் சொல்ல வந்தது என் தம்பி வாங்கிய வண்டியைப் பற்றி. அதைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அது உங்கள் கோப்பில் இருக்காது.

எனக்கு ஒரு பையன் இருந்தான். சுண்டு என்று கூப்பிடுவோம். ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு சாயங்காலம், தம்பி அவனை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்தான். ரெண்டு தெருதானே என்று பெல்ட் போடவில்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகினான். தம்பி கதவைத் திறந்து நடந்து வந்தான். சுண்டு நான்கு நாள் இருந்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போனது போய்விட்டது, இருக்கிறவனையும் ஜெயிலுக்கு அனுப்பிவிடாதே என்று கெஞ்சினாள். எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் தம்பியைக்கூட மன்னித்துவிட்டார். அந்தக் கையெழுத்துக்காக என்னை மட்டும் மன்னிக்கவில்லை. அவர் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். மாதத்துக்கு ஒருமுறை போன் வரும். அங்கே வெயிலா, இங்கே மழையா என்று விசாரித்துக்கொள்வோம். அவ்வளவுதான் மிச்சம்.

தம்பி இரண்டு மாதம் அழுதான். உண்மையாகவே அழுதான், அதை நான் மறுக்கமாட்டேன். பிறகு சாப்பிட ஆரம்பித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாய் மூடியதில்லை என்பதால் வாயாடி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தை என்னிடம்தான் இருக்கும். குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி, ஏழு வயது வரை பாதி நாள் என் கையில் வளர்ந்தவள். ஷெட்டில் ஸ்பேனர்களை அளவு பார்த்து அப்பா, அம்மா, பிள்ளை என்று அடுக்கி வைப்பாள். "அத்தை, இந்தப் பிள்ளைக்கு மட்டும் அம்மா இல்லை" என்று ஒற்றை ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பையன் ஞாபகம் வரும் என்று அக்கம்பக்கத்தில் பரிதாபப்படுவார்கள். வராது. எனக்கு அந்த மாதிரிக் குழப்பம் எதுவும் இருந்ததில்லை.

போன வருடக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தம்பி விஷயத்தை எடுத்தான். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கவேண்டுமாம். புதிது கட்டுப்படியாகாது, பழையதுதான். சும்மா மூடி வைத்து அழகு பார்க்க இல்லை, தினமும் ஓட்டவேண்டும். காலையில் பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே ஆபீஸுக்குப் போவான்.

"வயசு ஏறிட்டே போகுதுக்கா," என்றான். "எனக்கு வேகம்னா எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத்தான் தெரியுமே."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கை துடைத்தான். சொன்னது அவன் காதிலேயே விழவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி முகம் மாறும், நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று காத்திருந்தேன். அவன் பழத்தை உரித்துத் தின்றான்.

வேறு யார் பார்த்தாலும் தனக்கு மனம் ஆறாது, நான் பார்த்துச் சொல்லும் வண்டிதான் வேண்டும் என்றான். பார்க்கிறேன் என்றேன்.

மூன்று வண்டி பார்த்தோம். முதலாவது சிவப்பு. எஞ்சினைத் திறந்து யாரோ சக்தியைக் கூட்டியிருந்தார்கள். பந்தயத்தில் அடித்து ஓட்டிய வண்டி. கிளட்ச் பிடிக்குமுன் கால் களைத்துவிடும். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. அதில் ஒரு குறையும் இல்லை. சர்வீஸ் செய்த சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். குளிர்ந்த எஞ்சின் முதல் சாவிக்கே எழுந்தது. வேகத்தடையில் அடி இடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி மூன்று வண்டி பார்த்திருப்பேன். தம்பிக்கும் அதன்மேல்தான் கண். ஆனால் அதில் இரண்டே இருக்கை.

பின் இருக்கை இல்லாத வண்டி தினசரிக்கு உதவாது என்று அவனிடம் சொன்னேன். சின்னக் குழந்தையை முன்னால் உட்கார வைக்கக்கூடாது, அவளுடைய பை வைக்கக்கூட இடமில்லை, மூன்றாம் மாதமே விற்கத் தோன்றும் என்றேன். இதே வார்த்தைகளைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சரியான அறிவுரை. இன்று உங்கள் தம்பியோ மைத்துனரோ வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மூன்றாவது சாம்பல் நிறம். அதை நானேதான் தேடிப் பிடித்தேன். இரண்டு கதவு, பின்னால் இரண்டு சின்ன இருக்கை. முந்தைய உரிமையாளர் பெரும்பாலும் உறை போட்டு மூடியே வைத்திருந்தார். உள்ளே புது வண்டி வாசனை. தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அந்த வண்டியை நான் மூன்று மணி நேரம் பார்த்தேன். வழக்கமாக ஒன்றரை மணி போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு, அது செய்யப்பட்ட வாரம். அடுத்த இரண்டு, வருடம். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இந்த வண்டியின் பின் டயர் இரண்டும் பதினோரு வருடப் பழசு. அதிகம் ஓடாததால் மேல் வரிகள் அப்படியே புதிதாகத் தெரியும். ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். நகத்தை அழுத்தினால் இறங்காது. காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஈர ரோட்டில், பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டிக்கு, அது சோப்புக்கட்டி.

இன்னொன்று, இடது பின் இருக்கையின் கீழே. என்றோ பின்னாலிருந்து மோதி, தரைத் தகட்டை வெட்டி எடுத்து, மெல்லிய தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே மக்குப் பூசி, கறுப்பு அடித்திருந்தார்கள். மக்கு கனமாக இருந்ததால் காந்தம் ஒட்டவில்லை. பெல்ட்டின் அடி போல்ட் அந்த இடத்தில்தான் இறங்கியிருந்தது.

தம்பியிடம் கொடுத்த அறிக்கையில் இந்த இரண்டையும் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். தண்ணீர் ஹோஸ் மாற்றவேண்டும், முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, இடுப்புவலி உள்ளவர்களுக்கு இந்த இருக்கை ஆகாது என்பது வரை. வாங்கலாமா என்று கேட்டான். வாங்கு என்றேன்.

இதுவரை கேட்டால் மறைத்தேன் என்று மட்டும்தான் தோன்றும். நானும் சில வாரம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது பெரிய குற்றமா, எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்பது வருடமாக அதைத்தானே செய்கிறோம் என்று.

ஆனால் வண்டி இரண்டு முறை என் ஷெட்டுக்கு வந்தது. பேட் மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன். ஓட்டுநர் பக்கத்து பெல்ட் கொஞ்சம் இறுக்கம் குறைந்திருந்தது. அவன் கேட்காமலே புதிது போட்டேன். ஏர்பேக் வயரை இரண்டு தடவை சோதித்தேன். அவன் பிழைத்து இருக்கவேண்டும். அவன் போய்விட்டால் யாருக்கு என்ன புரியும்?

குழந்தை இருக்கையை நான்தான் பொருத்திக் கொடுத்தேன். இடது பக்கம்.

அன்றைக்கு வாயாடி தானே ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டி, சரியா என்று கேட்டாள். "எங்கம்மாவுக்குக்கூட இப்படிப் போடத் தெரியாது அத்தை," என்றாள். அவள் தோளில் உறுத்தாமல் இருக்கப் பட்டையைச் சற்று இறக்கிவிட்டேன்.

மூன்று மாதம் மழை இல்லை. நான் அவசரப்படவில்லை. ஷெட்டில் வேலை நிறைய இருந்தது.

மழை வந்த அன்று காலை ஏழரைக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, மழை கொட்டுது. வண்டியை எடுக்கலாமா, இல்ல இவளை இவ அம்மாவோட அனுப்பிடட்டுமா?"

"எதுக்கு? நல்ல வண்டிதானே. எடு."

"மழையில பின்னாடி வழுக்கும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்."

"நான் பார்த்த வண்டிடா அது."

அவன் சிரித்தான். "அதுக்குத்தான் உன்னையே கேட்டேன்."

பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. மழையில் கார் கண்ணாடி அழுகிற மாதிரி இருக்கிறது என்றோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெல்ட்டை மறக்காமல் போட்டுவிடு என்று சொல்லி வைத்தேன். அவன் இந்த முறை மறக்கவில்லை. அதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எட்டேகாலுக்கு அடுத்த போன். பள்ளிக்கு முந்தைய வளைவில் பின்பக்கம் சுற்றி, விளக்குக் கம்பத்தில் அடித்திருந்தது. பெல்ட் பூட்டியபடியே இருந்தது. போல்ட்தான் தகட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. தம்பிக்கு மணிக்கட்டில் சுளுக்கு.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் மனைவி, "அண்ணி, நீங்க போய்க் கேளுங்க, எங்ககிட்ட எதுவும் சொல்லமாட்டேங்கிறாங்க" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். போய்க் கேட்டேன். சொன்னார்கள். அதை வந்து சொல்லவேண்டியவளும் நானாகவே ஆனேன்.

வெகுநேரம் கழித்து, தம்பி என் தோளில் தலையைச் சாய்த்தான்.

"அக்கா, நீ அன்னைக்கு எப்படிக்கா தாங்கினே?"

ஒன்பது வருடம் நான் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்கு. அவன் வாயால், அந்தக் குரலில், அப்படியே வந்தது. கையில் இருந்த டீ ஆறுகிற நேரம் வரை எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பிறகு டீ ஆறிவிட்டது. அவன் தலை என் தோளில் கனத்தது. நான் தாங்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். தம்பி எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டான். வேகமாகப் போனது நான்தான், எங்க அக்கா எல்லாம் சரியாப் பார்த்துத்தான் கொடுத்தா என்று உங்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னிடம் யாரும் எதையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

போன வாரம் இன்ஷூரன்ஸ் பரிசோதகர் ஷெட்டுக்கு வந்தார். தொழில் தெரிந்த மனிதர். டயர் எண்ணையும் தகட்டையும் கண்டுபிடித்துவிட்டார். என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, "உங்க கண்ணுக்கே தப்பிடுச்சு பாருங்க மேடம். சொந்தக்காரங்கன்னா நமக்கும் கொஞ்சம் அசந்துதான் போகுது," என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைப்பு. உங்களுக்கு அனுப்பியிருக்கும் அறிக்கையின் நகலையும் காட்டினார். முன் பரிசோதனை செய்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது.

அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்த வரிதான் கண்முன் வந்து நின்றது. அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி என்று எழுதவேண்டாம்.

இது என் சொந்த நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பக்கம் எழுதி வைப்பது என் வழக்கம். தம்பி வண்டிக்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள். டயரின் வாரமும் வருடமும் இருக்கிறது. தகட்டின் கனம் இருக்கிறது. போல்ட் எவ்வளவு இழுப்புக்குப் பெயரும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தேதி வண்டி வாங்குவதற்கு முன்னால் உள்ள தேதி. எல்லாம் பார்த்தேன், எல்லாம் எழுதினேன், தெரிந்தேதான் அவளை அந்த இடத்தில் உட்கார வைத்தேன்.

அந்தச் சொல்லை மட்டும் திருத்திவிடுங்கள். என் கையில் வளர்ந்த குழந்தை அவள். அவள் விஷயத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.