அமைதியான பொம்பளை

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டுகள் மூடிக்கொண்டிருந்த சமயம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வேலை போன தோட்டத்துப் பெண்கள் இருவர். மடியில் துணிப்பை வைத்திருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நான் அமைதியான பொம்பளையே இல்லக்கா."

"யாரு, நீயா? உன் குரல் எப்படியிருக்கும்னு மேஸ்திரிக்கே தெரியாதே."

"பேசினா முத்தல் இலை கூடையில வுழுந்துரும்னு, கொழுந்து பறிக்கையில அந்தாளு வாயத் தொறக்க வுட்டாத்தானே? அத்தன வருசமும் எல்லாரும் சாதுன்னாங்க, நானும் நம்பிட்டேன். எஸ்டேட் மூடி ஊட்டுல ஒக்காந்து யோசிச்சப்பதான் தெரியுது. எனக்குப் பேசப் பேச அடங்கலக்கா. கோவம் வருது, சிரிப்பு வருது, பாட்டுகூட வருது. ஊட்டுக்காரரே மெரண்டுட்டாரு."

மூத்தவள் சிரித்தாள். "சரி, திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை நிச்சயந்தானே?"

"நிச்சயந்தான்."

"தையலும் தெரியாது உனக்கு. என்னத்தப் பாத்து எடுத்துக்கிட்டாங்க?"

"எப்படிப்பட்ட ஆளுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. வாயே தொறக்க மாட்டேன், ரொம்ப அமைதின்னு நாந்தான் சொன்னேன்."

மேட்டுப்பாளையம் வரும்வரை அவள் பேச்சை நிறுத்தவேயில்லை.