சுண்ணாம்பில் மறைந்த ஐந்நூற்று எழுபத்து நான்கு பேர்

தலைமை தாங்கி, தாம் பேச வேண்டிய நேரத்தையும் எனக்கே தந்திருக்கும் பெரியவர் செங்கல்வராயன் அவர்களே! வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே வந்த அதிகாரி அவர்களே! ஷிப்டு முடிந்து முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பந்தலை நிறைத்திருக்கும் தாய்மார்களே! ஆவடிச் சேக்காட்டுக்குப் பின்னாலிருக்கும் நம் பொன்னியம்மன் நகர்ச் சங்கத்தின் செயலாளர், இந்த வேம்புலியின் வணக்கம்!

என்ன துலுக்கானம்? "சீக்கிரம் பேசு நைனா, சோறு ஆறுது" என்கிறாயா? ஆறட்டும் ஐயா! ஒரு வருடமாக என் நெஞ்சு ஆறவில்லை, உன் சோறு ஐந்து நிமிடம் ஆறட்டும்!

இன்று திறக்கப் போகும் இந்தப் பால்வாடியை முதலில் கேட்டவர் யார்? நானா? இல்லை. அதோ நிற்கிறாளே கன்னியம்மா, அவள்! மூன்று வயது மகளை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் அழுதுகொண்டே வேலை பார்த்தவள். மனு கொடுத்தோம். பதில் என்ன வந்தது? "ஆயிரம் பேருக்கு ஒரு பால்வாடி. உங்கள் நகரில் இருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆவடி முழுவதன் சராசரிப்படி, இருக்கும் பால்வாடிகளே போதும்."

சராசரியா? எந்தத் தெருவில் குடியிருக்கிறார் அந்தச் சராசரி? அவருக்குப் பசிக்குமா? அவர் பிள்ளை அழுமா? கன்னியம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்: "காயிதத்துல இல்லன்னா என் புள்ள உசுரோடயே இல்லியா, செயலாளரே?"

நம் மக்களை மறைத்த பாவி யார் தெரியுமா? நான்தான்! கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவியில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். பொங்கல் வந்தது. "ஒரு சுவர்கூட அழுக்கா இருக்கக் கூடாது" என்று சுண்ணாம்பு வாளியைத் தூக்கிய முதல் ஆள் நான். நகரே வெளுத்தது, எண்களும் வெளுத்தன! அடுத்த மாதம் ஆட்களை எண்ண வந்தவர் பார்த்தார். சுவரில் எண் இல்லை, கதவில் பூட்டு. நாமெல்லாம் ஷிப்டில்! பூட்டிய வீட்டையெல்லாம் ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் வந்தார் பூந்தமல்லிக்காரர், புள்ளியியல் ஆய்வாளர் பஷீருதீன். "பால்வாடிக்குன்னு இந்த நகரை மட்டும் தனியா எண்ணலாம்" என்றார். எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்து நாகவல்லியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். மொத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தாறு! என் சுண்ணாம்பில் மறைந்தவர்கள் ஐந்நூற்று எழுபத்து நான்கு பேர்!

ஐயோ, ஆயிரத்துக்குப் பதினான்கு குறைகிறதே! நான் சும்மா இருப்பேனா? "வெள்ளானூர்லேர்ந்து மச்சான் ஊட்டு ஆளுங்களை இட்டாந்து குந்த வெச்சிடறேன், எழுதிக்கோ" என்றேன். மனிதர் பேனாவை மூடிவிட்டார். "வேணாம் அண்ணாத்தே. ஒரு பேரு பொய்யின்னு தெரிஞ்சா, கீற அத்தினி பேரையும் பொய்யின்னுடுவாங்க." அன்று அவரை நான் திட்டாத திட்டில்லை. இந்த மேடையில் அதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்தக் கணக்கைச் சோதிக்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், இதோ இங்கே இருக்கும் அதிகாரி. தாமே இருபது வீடுகளைப் பொறுக்கி எடுத்தார், தாமே எண்ணினார். கூடவில்லை ஒரு தலை! குறையவில்லை ஒரு தலை! "பதினாலு பேர் குறைஞ்சும் நீங்க யாரையும் சேர்க்கலை. அதனாலதான் மத்தவங்களை நம்பறேன். சிறப்பு அனுமதிக்கு எழுதறேன்" என்று அங்கேயே கையெழுத்திட்டார்.

வென்றது யார்? பெரிய ஊரின் சராசரியா? இல்லை! சின்ன நகரின் சத்தியம்! ஆள்பலம் காட்டி வாங்கவில்லை, அழுது வாங்கவில்லை. உள்ளதை உள்ளபடி எண்ணி வாங்கினோம்! தட்டுங்கள் கையை, பட்டாபிராம் வரை கேட்கட்டும்!

பஷீருதீன் ஐயா, உங்களுக்கு இந்த நகரமே கடன்பட்டிருக்கிறது. கன்னியம்மா, உன் மகளைச் சுண்ணாம்பு அடித்து மறைத்த இந்த அண்ணனை மன்னித்துவிடம்மா.

என்னம்மா சொல்கிறாய்? உரக்கச் சொல்!

"மன்னிப்பெல்லாம் அப்பால! மொதல்ல பால்வாடியைத் தொற, புள்ள பசில கீது!"

கேட்டீர்களா? திறக்கப் போகிறேன் தாயே! வந்தவர் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!