தூபத்துக்கு நீட்டிய கை

குணவதி: சிரிக்காதீங்கக்கா...

பிலோமினா: சிரிக்கலம்மா. கோப்பி சூடு, நாக்க சுட்டுருச்சு.

குணவதி: பொய்யி! பூசையில அத்தன பேரும் நின்ன இடத்துலயே நிக்கிறாங்க, நான் ஒருத்தி மட்டும் முன்னால போயி தூபத்துக்குக் கைய நீட்டுறேன். எங்க கோயில்ல ஐயரு தீபத்தட்டு கொண்டாந்தா தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம்லா... அந்தப் பழக்கம். சர்ச்சுக்கு இன்னைக்கித்தான் முதல் தடவ வரேன்.

பிலோமினா: நல்லாத்தான் இருந்துச்சு. தூபம் காட்டுன பொண்ணுகூட, நீங்க ஒத்திக்கிற வரைக்கும் அசையாம நின்னுச்சே.

குணவதி: அதான் கேக்குறேன்... சாமிக்குக் காட்டுனீங்க, ஃபாதருக்குக் காட்டுனீங்க, சரி. எங்களுக்கு எதுக்கு? அதுவும் தலைய குனிஞ்சு கும்பிட்டு...

பிலோமினா: உங்களுக்குள்ளயும் சாமி இருக்காரே. அதுக்குத்தான்.

குணவதி: எனக்குள்ளயா? நான் முருகன் கோயிலுக்குப் போறவக்கா.

பிலோமினா: தூபம் ஐசி காட்டுன்னு அடையாள அட்டையெல்லாம் கேக்காதும்மா.

குணவதி: காலையில பட்டர்வொர்த்துல ஃபெரி ஏறுறப்ப ஒருத்தன் இடிச்சான்னு நல்லா ஏசிட்டு வந்தேன்லா. அவனுக்குள்ளயும்...?

பிலோமினா: அவனுக்குள்ளயும்தான்.

குணவதி: ஐயய்யோ! அப்ப எனக்குள்ள இருந்தவரு அந்நேரம் எங்க போனாரு?

பிலோமினா: எங்கயும் போகல. அந்தத் தூபக் கலசத்துல கரி கெடந்துச்சே, பாத்தீங்களா? மேல சாம்பல் மூடியிருக்கும், அணைஞ்சிருச்சுன்னு நெனப்போம். ஆட்டுனா காத்து பட்டு செவக்கும். நெருப்பு உள்ளயேதான் இருந்துச்சு. மனுசனும் அப்படித்தாம்மா. பொறக்கறப்பவே அவரு வச்ச நெருப்பு.

குணவதி: ...சாம்பல் ரொம்ப இருந்தா?

பிலோமினா: யாருக்கு?

குணவதி: எனக்கில்ல... பக்கத்து வீட்டுக்காரிக்கு. அவ மகன் ஒரு கிறிஸ்டியன் பொண்ணத்தான் கட்டுவேங்கிறான். இவ முடியாதுன்னுட்டா. மூணு மாசமா வீட்ல பேச்சு இல்ல. ஒரு நாள் அந்தப் பொண்ணே பழம் வாங்கிட்டு வந்து வீட்டு கேட்டு முன்னால நின்னுச்சு...

பிலோமினா: ம்ம்.

குணவதி: நல்ல வெயிலு. இவ ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே நின்னா, கேட்ட தொறக்கல. பைய கேட்டுலயே மாட்டிட்டுப் போயிருச்சு.

பிலோமினா: மங்குஸ்தான் தோல் இறுகிப் போறதுக்குள்ள எடுத்தாங்களா?

குணவதி: ...மங்குஸ்தான்னு நான் சொல்லலையேக்கா.

பிலோமினா: கோப்பி ஆறிரும், குடிங்க.

குணவதி: சொல்லுங்க.

பிலோமினா: ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து வாங்கினவ நான். கொண்டு வந்தது எம் மக அதிரா. இன்னைக்கித் தூபம் காட்டுனவளும் அவதான். உங்க மகன் ஷர்வினுக்கு உங்க மூக்கு அப்படியே... நீங்க வாசல்ல நுழையறப்பவே தெரிஞ்சிருச்சு.

குணவதி: தெரிஞ்சுமா கூப்பிட்டு கோப்பி குடுத்தீங்க?

பிலோமினா: உள்ள இருக்கிறவருக்குக் குடுத்தேன். உங்க மேல கோவந்தான். சீனி போடலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

குணவதி: போட்டுத்தான் இருக்கீங்க.

பிலோமினா: ரெண்டு கரண்டி. பழம்... என்ன ஆச்சு?

குணவதி: எல்லாத்தையும் நானே ஒக்காந்து தின்னேன், அழுதுகிட்டே. நல்ல இனிப்புக்கா.

பிலோமினா: அப்புறம் என்ன... வேவு பாக்க வந்தீங்களாக்கும்?

குணவதி: ஆமா. ஏதாச்சும் குத்தம் கண்டுபிடிச்சு மகன்கிட்ட சொல்லலாம்னு. ஆனா உங்க மக என்னையப் பாத்துச்சுக்கா. யாருன்னு தெரிஞ்சும் குனிஞ்சு கும்பிட்டுச்சு.

பிலோமினா: இருங்க, பூசைக்குப் போட்ட அங்கிய கழட்டிட்டு இப்ப வந்துருவா. நீங்க தூபத்தத் தொட்டுக் கும்பிட்டதச் சொல்லி ஒரு வாரத்துக்குச் சிரிப்பா.

குணவதி: சிரிக்கட்டும்லா. ஆனா கோயில் பழக்கம்னு சொன்னதெல்லாம் பொய்க்கா. நான் தூபத்துக்குக் கைய நீட்டல... அதிரா கையப் புடிக்கத்தான் போனேன். கிட்ட போனதும் வெக்கமா போயிருச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டேன்.