பதினாலு நாள் லீவு

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிடறேன், அப்புறம் உங்களைத் திட்டறேன்... சிரிக்காதீங்க, நிஜமாவே திட்டத்தான் போறேன். பேரை மாத்தியிருக்கேன். சொல்றதுக்கு அந்தப் பையன்கிட்ட அனுமதியும் வாங்கியிருக்கேன். ஆனா வேன்ல போனவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடும்.

எட்வின், பாலிடெக்னிக்ல வாத்தியார். அவன் மனைவி ஹெப்சி, ஆஸ்திரேலியாவுல நர்ஸ். கல்யாணம் முடிஞ்ச இருபதாம் நாள் அவ வேலைக்குத் திரும்பிட்டா. புருஷனைக் கூப்பிட்டுக்க அங்க இருந்தே விசாவுக்கு எழுதிப் போட்டா. ஒரு வருஷம் ஆச்சு... ரெண்டு வருஷம் ஆச்சு... ஒண்ணும் வரல. நாம சும்மா இருந்தோமா? இதே சர்ச் வாசல்ல நின்னு கேட்டோம். "என்ன எட்வின், வீட்டுக்காரி இன்னும் கூப்பிடலையா?" கேட்டோமா இல்லையா?

போன மே மாசம் அவ வர்றதா இருந்து வரல. "லீவு கிடைக்கல"ன்னு போன்ல சொல்லிட்டா. செப்டம்பர்ல வந்தா. எத்தனை நாள்? பதினாலு நாள். ரெண்டு வருஷத்துக்கு அவங்களுக்குக் கிடைச்சது வெறும் பதினாலு நாள்!

ஏர்போர்ட்டுக்கு யார் போனது? ஒரு வேன் நிறைய பதினேழு பேர். திரும்பி வரும்போது ஹெப்சி முன்னால, மாமியார் பக்கத்துல. எட்வின் எங்க? கடைசி சீட்ல, பெட்டியோட பெட்டியா. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்த பொண்டாட்டியோட பின்னந்தலையைப் பார்த்துக்கிட்டே மூணு மணி நேரம் வந்தான்யா!

வீட்டுக்கு வந்தா கூட்டம். "ஹெப்சி, இந்த சுகர் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாரும்மா." "ஹெப்சி, எனக்கு பிரஷர் பார்த்துச் சொல்லு தாயி." ஆஸ்பத்திரி மாதிரி வரிசை. வீட்ல இருந்த ஒரே தனி ரூமை, முட்டி வலின்னு பெரிய மாமாவுக்குக் கொடுத்தாச்சு. பொம்பளைங்க எல்லாம் ஹால்ல படுத்தாங்க, ஆம்பளைங்க மாடியில. அவ பொறந்த வீட்டுக்கு நாலு நாள். கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்கு அஞ்சு நாள். எல்லாத்துலயும் போட்டோ. ஒவ்வொரு போட்டோவுலயும் இருபது பேர்.

பன்னிரண்டாம் நாள். அவ எட்வின் காதுல சொன்னா, "உங்ககிட்ட ஒண்ணு பேசணும். தனியா." அவன் முகத்துல அப்பத்தான் ஒரு சிரிப்பு. "கடற்கரைக்குப் போலாம் வா"ன்னான். பைக்கை எடுத்தாச்சு... ஸ்டார்ட் பண்ணியாச்சு... அவ ஏறி உக்காந்தாச்சு. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில ஒருத்தர் வந்தார்.

யார் தெரியுமா? நான்தான்.

உள்ள இருந்து எட்வின் அம்மா குரல்: "ஏல, பாஸ்டர் வந்திருக்காங்க! இறங்குங்க ரெண்டு பேரும்!" இறங்கிட்டாங்க. நான் ஜெபம் பண்ணினேன். காபி குடிச்சேன். "சாப்பிட்டுத்தான் போகணும்"னாங்க, சாப்பிட்டேன். குடும்ப ஒற்றுமையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினேன்... வெக்கமா இருக்கு சொல்றதுக்கு! நான் வெளிய வந்தப்போ ராத்திரி மணி ஒன்பதரை. எட்வின் கழட்டி வச்ச ஹெல்மெட் படியிலயே கிடந்தது.

மறுநாள் பெட்டி கட்டற அமளி. அடுத்த நாள் அவ போயிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு விசா ஆபீஸ்ல இருந்து எட்வினுக்கு போன். அதிகாரி மரியாதையாத்தான் கேட்டார். "உங்க மனைவி மே மாசம் வர்றதா இருந்தாங்களே, ஏன் வரல?"

"லீவு கிடைக்கல சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டற சத்தம்...

"அவங்களுக்கு வயித்துல இருந்த கட்டியை எடுக்க ஆபரேஷன் நடந்திருக்கு. அதனாலதான் வர முடியலன்னு எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவனுக்குத் தெரியாது! பொண்டாட்டி வயித்தைக் கிழிச்சுத் தைச்ச விஷயத்தை, முகம் தெரியாத ஒரு அதிகாரி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டான். ஏன் அவ போன்ல சொல்லல? அவ போன் பண்ணினா நாம என்ன சொல்வோம்? "ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் பேசறோம்!" எட்டுப் பேர் காதுக்கு நடுவுல எதைச் சொல்லுவா? பயப்படாதீங்க, கட்டி சாதாரணக் கட்டிதான், இப்ப நல்லா இருக்கா. ஆனா அதைக்கூட புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு நேர்ல சொல்லணும்னு நாலு மாசம் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வந்தவ. சொல்ல விட்டோமா?

விசா கிடைக்கல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிஜமான இல்லறம் இருக்கறதா நம்ப முடியலன்னு கடிதம் வந்தது. சாட்சியாக் கொடுத்த போட்டோ இருநூத்துப் பன்னிரண்டு. அதுல கல்யாணத்தன்னைக்கு எடுத்ததை விட்டா, ரெண்டு பேர் மட்டும் நிக்கற போட்டோ ஒண்ணுகூட இல்ல!

உடனே நாம யாரைத் திட்டினோம்? அதிகாரியை. "அவனுக்கு மனசாட்சி இருக்கா?"ன்னு கேட்டோம். அவன் கண்ணுக்குத் தெரிஞ்சது நம்ம கண்ணுக்குத் தெரியலையே! அந்தப் பதினாலு நாளைத் தின்னது யாரு? அதிகாரியா? நீங்க! நான்! எல்லாரும் பாசத்தோடதான் தின்னோம். ஆளுக்கு ஒரு சாயங்காலமா எடுத்துக்கிட்டோம். அவங்களுக்குன்னு ஒண்ணு மிச்சம் வைக்கல. புருஷனும் பொண்டாட்டியும் தனியாப் பேசினா குடும்பம் பிரிஞ்சிடும்னு நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இது அன்பு இல்லைங்க. அபகரிப்பு!

திரும்ப எழுதிப் போட்டிருக்காங்க. ஜனவரியில ஹெப்சி வர்றா. அதே பதினாலு நாள்தான். கெஞ்சிக் கேட்டுக்கறேன்... வேன் பிடிக்காதீங்க. எட்வின் மட்டும் போய்க் கூட்டிட்டு வரட்டும். பெரிய மாமா ஹால்ல படுத்துக்கட்டும், முட்டி ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட்டை நம்ம டாக்டர்கிட்ட காட்டுங்க.

என்னைத் தேடாதீங்க. நான் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு நான் பண்ண வேண்டிய ஜெபத்தை, என் வீட்ல இருந்தே பண்ணிக்கறேன்.