கும்பிடும் கையும் ஒரு மயிலும்

ஆடிக் கிருத்திகை காலை, திருத்தணியிலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் கைப்பேசியை மற்றவளிடம் நீட்டினாள்.

“பையனுக்காகக் காவடி வேண்டிகினு கீறேன், இன்னிக்கு லீவு வேணும் சார்னு மெசேஜ் போட்டேன்க்கா. மேனேஜர் வெறும் கும்புடுற கையப் போட்டுக்கீறாரு.”

“முருகனக் கும்புட்டுக்கீறாரு. லீவு குடுத்தாச்சுடி.”

“தயவுபண்ணி வந்துடும்மான்னு என்னியக் கும்புட்டிருந்தா?”

“திருப்பிக் கேக்கறதுதானே?”

“கேட்டேன். மூணு கை வந்துச்சு. போன் பண்ணா எடுக்கல. அதான் வேலைக்குக் கெளம்பிட்டேன். வூட்ல எல்லாரும் காவடியோட காத்துகினு கீறாங்கக்கா.”

மணவூரில் வண்டி நின்றது. கைப்பேசி ஒலித்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் எழுந்தாள்.

“இன்னாடி?”

“மயிலு அனுப்பிக்கீறாருக்கா.”

அக்கா சற்று யோசித்தாள்.

“அப்ப சாமியத்தான் கும்புட்டுக்கீறாரு. எறங்குடி.”

அவள் இறங்கினாள். வண்டி நகரும்போது நடைமேடையிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, நான் இப்ப அவருக்கு இன்னா அனுப்பறது?”