ஒரு ஆக்சிஜன் போனால்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு பள்ளி மாணவி பாடம் படித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. நகக்கண்ணெல்லாம் பட்டுக்குப் போடும் சாயம்.

“நாலு ஆக்சிஜன் இருந்தா சல்பியூரிக் ஆசிட். மூணு இருந்தா சல்பியூரஸ்.”

“ஒண்ணு போனதுக்கா பேரை மாத்திட்டாங்க?”

“உள்ள என்ன இருக்குதோ, அதை வச்சுதாம்மா பேரு.”

அம்மா கொஞ்சநேரம் சாலையைப் பார்த்தாள்.

“உங்கப்பா நம்மள உட்டுட்டு போயி எவ்ளோ காலமாச்சு. நீ இன்னும் அவரு இனிஷியலத்தான் போட்டுக்கினு இருக்கற.”

“அம்மா இனிஷியலும் போடலாமாம். டீச்சர் சொன்னாங்க.”

“மொதல்ல பரீட்சைய எழுது.”

பெண் புத்தகத்துக்குத் திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“இங்கிலீஷ்ல என் பேரு எந்த எழுத்துலமா ஆரம்பிக்குது?”